எழுபத்தொன்பது ஏடுகள்

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறுகிற வழியில், கோமுகி அணைக்குச் சற்று முன்பாக என் அக்காவின் வீடு இருக்கிறது. வாசலில் நின்றால் மேற்கே மலை முழுதும் தெரியும். வீட்டைச் சுற்றிக் கரும்பு, மரவள்ளி. அந்த ஊரிலிருந்து 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் அக்கா தன் ஆறு வயது மகனை அழைத்துவந்து கள்ளக்குறிச்சியில் என் வீட்டில் விட்டாள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு நகரம். தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். “தம்பி, நீ தமிழ் வாத்தியாரு. ஒங்கிட்ட இருந்தா இவன் ரெண்டு எழுத்துப் படிப்பான்” என்றாள். தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அவனுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான்.

இதை எழுத எனக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மரபணுவைப் பற்றி எழுதத் தமிழ் முதுகலை படித்தவனுக்கு என்ன தகுதி என்ற கேள்வி எழலாம். தகுதி இல்லை, கடன் இருக்கிறது. அது என்ன கடன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பையன் கலகலப்பானவன். கேட்ட பாட்டின் மெட்டை அப்படியே பாடுவான். கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டிருக்கும். “பயில்வான் காலு” என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமை. ஆனால் மாடிப்படி ஏற நேரமெடுப்பான், ஓடினால் விழுவான். அந்த ஆண்டு ஆயுதபூசை விடுமுறையில் வெள்ளிமலைக்குப் போய்ப் பெரியார் அருவியைப் பார்த்துத் திரும்பியபோது, மற்றப் பிள்ளைகள் பாறைகளில் தாவிக்கொண்டிருக்க அவன் ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தான். செல்லம் கொடுத்து வளர்த்ததன் பயன் என்று நினைத்தேன், வாய்விட்டும் சொன்னேன்.

மாலையில் திருக்குறள் சொல்லிக்கொடுப்பேன். நான் ஓர் அடி சொல்ல அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கு சீர் சொன்னால் இரண்டு வரும், மூன்றாவது குழம்பும். பத்து முறை சொன்னாலும் அதே இடத்தில் நிற்பான். மெட்டுப் போட்டால் பாடுகிற பிள்ளைக்கு இது மட்டும் வராதா? சோம்பல் என்று முடிவு செய்தேன். என் ஆசிரியர்கள் எனக்குச் செய்ததையே அவனுக்குச் செய்தேன். ஒப்பிக்கிற வரை நில் என்றேன். நடுக்கூடத்தில் நின்றான். சிறிது நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டான். “சுவரை விடு” என்றேன். “மாமா, காலு நிக்க மாட்டேங்குது” என்றான். நான் அதைச் சாக்கு என்றேன். ஒரு நாள் அல்ல. அந்த ஐப்பசி, கார்த்திகை முழுவதும் ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும்.

மறு ஆண்டு கோடை விடுமுறையில் அக்கா அவனைச் சேலத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினாள். நானும் போயிருந்தேன். அவர் ஊசியையோ கருவியையோ எடுக்கவில்லை. “தம்பி, தரையில ஒக்காந்து எழுந்திரு பாக்கலாம்” என்றார். அவன் முதலில் குப்புறத் திரும்பினான். கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கினான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்து, அடுத்த கையைத் தொடையில் வைத்து, தன் உடம்பின்மீதே தான் ஏறுவதுபோல ஏறி நிமிர்ந்தான். என் வீட்டில் ஓராண்டு முழுக்க அவன் அப்படித்தான் எழுந்துகொண்டிருந்தான், நான் பார்க்கவில்லை. திரண்ட கெண்டைக்காலும் வலிமையின் அடையாளம் அன்று. சிதைந்த தசையின் இடத்தில் கொழுப்பும் நாரிழையும் நிரம்பியதால் வந்த பருமன். இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு இருந்தது. நோயின் பெயர் டுஷேன் தசைச்சிதைவு.

பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டுஷேன் 1860களில் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது. ஏறத்தாழ 3500 முதல் 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. பெரும்பாலும் பன்னிரண்டு வயதையொட்டி நடை நின்றுவிடும். பின்னர் மூச்சுத் தசைகளும் இதயமும் தளரும். சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தாமே தசைச்சிதைவுக்கு உள்ளான நிலையிலும் மற்ற நோயாளிகளுக்காக உழைத்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகளை இலக்கிய வாசகர்கள் பலர் அறிவார்கள். வானவன் மாதேவி 2023இல் மறைந்தார். தசைச்சிதைவு என்பது பல நோய்களுக்கான பொதுப்பெயர். அவர்களுடையது பெண்களையும் தாக்கும் வகை. டுஷேன் ஏறத்தாழ முற்றிலும் ஆண் பிள்ளைகளின் நோய்.

சில வாரங்களில் மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. ஒரே வரிதான் முக்கியம்: டிஸ்ட்ரோபின் மரபணுவில் 45 முதல் 52 வரையிலான எக்ஸான்கள் இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சிதைந்த ஏட்டுச்சுவடியில் இத்தனையாம் ஏடு முதல் இத்தனையாம் ஏடு வரை காணவில்லை என்று பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பு எழுதுவார்களே, அதுபோலவே இருந்தது. மறுநாள் எங்கள் கல்லூரி விலங்கியல் துறை நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் பொறுமையானவர். அன்று தொடங்கிய பாடம் பல மாதங்கள் நடந்தது.

டிஸ்ட்ரோபின் மரபணு மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 22 இலட்சம் எழுத்துகள். எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 1986இல் அமெரிக்காவில் லூயி குங்கெலின் குழு இதைக் கண்டறிந்தது. அடுத்த ஆண்டில் இது ஆக்கும் புரதத்துக்கு டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டார்கள். 22 இலட்சம் எழுத்துகளில் பொருளுள்ள பகுதிகள் 79. அவையே எக்ஸான்கள், நான் ஏடுகள் என்று சொல்கிறேன். ஏடுகளுக்கிடையே மிக நீண்ட இடைவெளிகள். செல் முதலில் இம்மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும். தொடக்கம் முதல் இறுதி வரை ஒருமுறை படியெடுக்க ஏறத்தாழ 16 மணிநேரம் ஆகிறது. இடைவெளிகளை நீக்கி 79 ஏடுகளையும் கோத்தால் மிஞ்சுவது 14,000 எழுத்துகள்தாம். அதை வாசித்துத்தான் புரதம் செய்யப்படுகிறது. அப்புரதம் தசைச்செல்லின் உட்சட்டத்தை அதன் சவ்வோடு பிணைத்து, தசை சுருங்கி விரியும்போது சவ்வு கிழியாமல் காக்கிறது.

எழுத்துகள் மும்மூன்றாகவே வாசிக்கப்படும். ‘மரம் குடம் படம் வனம்’ என்று மும்மூன்று எழுத்தாகப் பிரித்துப் படிக்கிறவன், நடுவில் ஓர் எழுத்து விழுந்ததை அறியாமல் தொடர்ந்தால் அதற்கப்பால் எல்லாச் சொல்லும் பிதற்றலாகிவிடும். 45 முதல் 52 வரை உள்ள எட்டு ஏடுகளின் எழுத்துத் தொகை மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆகவே அந்த இடைவெளியைத் தாண்டியதும் வாசிப்பு குலைந்து, விரைவில் ‘முற்றும்’ என்ற குறி தவறாக வந்துவிடுகிறது. மூன்றின் மடங்காக இழப்பு நேர்ந்தால் புரதம் குறுகினாலும் ஓரளவு வேலை செய்யும். அது பெக்கர் என்ற மென்மையான வகை. விழுந்த ஏடுகள் எத்தனை என்பதைவிட, விழுந்தபின் கணக்குப் பொருந்துகிறதா என்பதே பெரும்பாலும் முக்கியம்.

இதுவரை நான் கேட்டது கால்களின் கதை. ஒரு நாள் நண்பரிடம், “கால் விளங்காதது புரிகிறது. குறள் ஏன் ஏறவில்லை? அது மட்டும் சோம்பல்தானே?” என்று கேட்டேன். இப்போது யோசித்தால், என் குற்றத்தில் பாதியையேனும் குறைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சில நாள் கழித்துச் சில கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்து சொன்னார்: “அந்த மரபணுவுக்குத் தொடங்குமிடம் ஒன்றல்ல. ஏழு.”

புரோமோட்டர் என்ற சொல்லை நான் தொடங்குமிடம் என்றே எழுதுகிறேன். படியெடுக்கும் பொறி மரபணுவில் வந்து அமரும் இடம் அது. ஒரு மரபணுவுக்கு ஒரு தொடங்குமிடம், ஒரு ஆர்.என்.ஏ., ஒரு புரதம் என்றுதான் என் தலைமுறை பள்ளியில் படித்தது. மனித மரபணுக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு ஒன்றுக்கும் அதிகமான தொடங்குமிடங்கள் இருப்பதாக இன்று மதிப்பிடுகிறார்கள். எந்த உறுப்பில் எந்த இடம் திறக்கும் என்பதை, அந்தந்தச் செல்லில் உள்ள கட்டுப்பாட்டுப் புரதங்களும், அங்கே டி.என்.ஏ. எவ்வளவு இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருக்கிறது என்பதும் முடிவு செய்கின்றன. நூல் மாறுவதில்லை, வாசிப்பு தொடங்கும் இடம் மாறுகிறது.

எனக்கு இது விளங்கியது எங்கள் ஊர்க் கூத்தினால்தான். இப்பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதம் ஒன்றுதான். ஆனால் எல்லா ஊரிலும் கூத்து ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. நாளும் பணமும் உள்ள ஊரில் முன்கதையிலிருந்து எடுத்துப் படுகளம் வரை ஆடுவார்கள். சில ஊரில் வில்வளைப்பு, சில ஊரில் நேரே துகில். எங்கள் மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின் மையமே அரவான் களப்பலிதான். திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அறுப்பதும் அந்த ஓரிடத்தைப் பற்றி எழுந்தவை. பாரதத்தை அங்கிருந்து பார்க்கிறவனுக்கு அது வேறொரு பாரதம். ஒரே சுவடிக்கட்டிலிருந்துதான் இத்தனையும்.

டிஸ்ட்ரோபினின் ஏழு தொடங்குமிடங்களில் மூன்று முதல் ஏட்டருகே உள்ளன. ஒன்று தசைக்கு, ஒன்று பெருமூளைப் புறணிக்கு, ஒன்று சிறுமூளையின் புர்க்கின்யே செல்களுக்கு. மூன்றுக்கும் முதலேடு மட்டும் வெவ்வேறு. இரண்டாம் ஏட்டிலிருந்து ஒன்றே. காப்புச் செய்யுள் மாறி நூல் மாறாததுபோல. இவற்றிலிருந்து வருவது முழுநீளப் புரதம், எடையைக் கொண்டு டி.பி. 427 என்பார்கள். மற்ற நான்கும் நூலின் நடுவே இருக்கின்றன. 29ஆம் ஏட்டுக்கும் 30ஆம் ஏட்டுக்கும் இடையே தொடங்குவது கண்ணின் விழித்திரைக்கு, டி.பி. 260. 44க்கும் 45க்கும் இடையே தொடங்குவது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும், டி.பி. 140. 55க்கும் 56க்கும் இடையே தொடங்குவது நரம்புகளின் உறையை ஆக்கும் செல்களுக்கு, டி.பி. 116. 62க்கும் 63க்கும் இடையே தொடங்குவது டி.பி. 71, மூளை உட்படப் பல உறுப்புகளில் காணப்படுவது, எலும்புத்தசையில் ஏறத்தாழ இல்லாதது.

இப்போது என் மருமகனின் சுவடியை விரித்துப் பார்க்கலாம். 45 முதல் 52 வரை இல்லை. முதலேட்டிலிருந்து புறப்படும் மூன்றும் அந்தப் பள்ளத்தில் விழுகின்றன, ஆகவே தசை. விழித்திரைக்கான வாசிப்பும் 30இல் புறப்பட்டு அதே பள்ளத்தில் விழுகிறது; இத்தகைய சிறுவர்களின் விழித்திரை மின்பதிவில் மாறுதல் தெரியும், அன்றாடப் பார்வை பெரிதும் கெடுவதில்லை. டி.பி. 140இன் நிலைதான் வேறு. அது புறப்படும் இடமே பள்ளத்தின் விளிம்பு. அதன் புரதம் தொடங்க வேண்டிய குறி 51ஆம் ஏட்டில் இருக்கிறது. அந்த ஏடே இல்லை. டி.பி. 140 பெரிதும் வெளிப்படுவது கருவில் வளரும் மூளையில். அதாவது, அவன் என் கூடத்தில் சுவரைப் பிடித்து நிற்பதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, அக்காவின் வயிற்றில் இருந்தபோதே, அந்த ஒரு வாசிப்பு நடவாமல் போயிருந்தது.

டுஷேன் நோயுள்ள சிறுவர்களில் கணிசமானவர்களுக்குக் கற்றல் சிரமம் உண்டு. குறிப்பாக, காதால் கேட்ட சொற்றொடரை அப்படியே மனத்தில் இருத்தி உடனே திருப்பிச் சொல்வது பலருக்குக் கடினம் என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நான் மாலைதோறும் கேட்டது சரியாக அதைத்தான். இச்சிரமம் இழப்பு எந்த ஏட்டில் என்பதோடு தொடர்புடையது: நூலின் முற்பகுதியில் மட்டும் இழப்பு நேர்ந்தவர்களைவிட, டி.பி. 140ஐயும் இழந்தவர்களுக்கு அது வருவது அதிகம். 63ஆம் ஏட்டுக்கு அப்பால் சிதைந்து டி.பி. 71உம் போனவர்களுக்கு இன்னும் கடுமை. கூத்து நடுவில் தொடங்குகிற ஊருக்கு முன்னேடுகள் போனால் நட்டமில்லை. பின்னேடுகள் போனால் எல்லா ஊர்க் கூத்தும் கெடும். ஆனால் இது விதியன்று, வாய்ப்பு மட்டுமே என்று நண்பர் திரும்பத் திரும்பச் சொன்னார். இதே இழப்புள்ள பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். என் மருமகனுக்குக் குறள் வராததற்கு இதுதான் காரணம் என்று எந்தச் சோதனையும் சான்றளிக்காது. சோம்பல் அன்று என்று அறிவதற்கு எனக்கு அவ்வளவு போதும்.

நிற்க. வீட்டில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அக்காவை அத்தை மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்றார்கள் ஊரார். இந்நோய்க்கு அது காரணமே அன்று. பழுது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். தந்தை யாராக இருந்தாலும் இது வந்திருக்கும். இதைச் சொன்னதும் அத்தை, “அப்போ ஒங்கம்மா வழிச் சீக்குதானே?” என்று என்னைக் கேட்டார். அறிவியலைச் சொல்லி ஒரு பழியைத் தீர்த்தேன். அதே அறிவியல் மற்றொரு பழியை அக்காவின் தலையில் வைத்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சிறுவர்களுக்குத் தாயிடம் பழுது இல்லாமலே புதிதாகத் தோன்றும். அக்காவுக்கும் அப்படி இருக்கும் என்று நம்பினோம். சோதனையில் அவளும் பழுதைச் சுமப்பவள் என்று தெரிந்தது.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தார். அவருக்கு ஒரு தம்பி இருந்தாராம். ஓடி விளையாடிய பிள்ளை பத்து வயதில் நடை நின்று திண்ணையிலேயே கிடந்து, பதினாறு வயதில் போய்விட்டார். மலையடிவாரத்தில் காற்று பட்டுவிட்டது என்றார்கள். அம்மா சொன்ன கடைசி வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது: “அவன் நல்லாப் பாடுவான். எழுத்துதான் ஏறல. வாத்தியாரு அடிச்சிக்கிட்டே இருப்பாரு.”

அம்மாவிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஒன்றில் பழுது, ஒன்றில் இல்லை. அக்காவுக்குப் பழுதுள்ள பகுதி போயிற்று, எனக்கு மற்றது வந்தது. நாணயத்தைச் சுண்டியதற்கு ஒப்பான நிகழ்வு. தலை மாறி விழுந்திருந்தால் 1980களில் ஏதோ ஒரு பள்ளியில் ஒப்பிக்க முடியாமல், நிற்கவும் முடியாமல் நின்றிருப்பவன் நானாக இருந்திருப்பேன். என் நினைவாற்றலைப் பற்றி எனக்கிருந்த செருக்கு அன்றோடு போயிற்று. அக்காவின் மூத்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளும் சுமக்கலாம், சுமக்காமலும் இருக்கலாம், சரிபாதி வாய்ப்பு. என்ன சோதனை, அது எதைச் சொல்லும் என்பதை அவளிடம் விளக்கியாயிற்று. செய்துகொள்வதும் எப்போது என்பதும் அவள் முடிவு. அதில் யாரும் வற்புறுத்தக்கூடாது என்று அத்தையிடமும் சொல்லியிருக்கிறேன்.

மருத்துவம் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகள் நடையைச் சில ஆண்டுகள் நீட்டித்தன. பதினொன்றரை வயது வரை நடந்தான். 53ஆம் ஏட்டையும் மறைத்துவிட்டு மூன்றின் கணக்கைச் சரிசெய்யும் மருந்துகள் இரண்டுக்கு அமெரிக்காவில் 2019இலும் 2020இலும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அவனுடைய இழப்புக்குப் பொருந்துபவைதாம். ஆனால் பயன் அளவானது, விலை எங்களைப் போன்றவர்கள் நினைக்கக்கூடாதது. இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான கொள்கைப் பட்டியலில் டுஷேன் இடம்பெற்றிருக்கிறது. கோயம்புத்தூரில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற ஆய்வு மையம் இந்நோய்க்கான மரபணுச் சோதனையிலும் குடும்பங்களுக்கான ஆலோசனையிலும் ஈடுபட்டுவருகிறது. பிள்ளை தரையிலிருந்து எழும்போது தன் தொடையைத் தானே பிடித்து ஏறுவதைக் காணும் பெற்றோர் காத்திருக்க வேண்டாம். ஆசிரியர்களும் காத்திருக்க வேண்டாம்.

இப்போது அவனுக்குப் பதினான்கு வயது. சக்கர நாற்காலியில் அக்கா வீட்டில் இருக்கிறான். குறளை நான் மெட்டுப் போட்டுப் பாடிக்காட்டினேன். மெட்டோடு சேர்ந்து சில குறள்கள் தங்கியிருக்கின்றன. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னவென்று தெரியாதவனைப்போல, “எதுக்கு மாமா?” என்றான். நான் நிறுத்தி வைத்த மாலைகளை நினைவூட்டினேன். “அதான் சொன்னேனே, காலு நிக்கலன்னு” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கத் திரும்பிவிட்டான். அவன் முன்பே சொல்லியிருந்தான். நான்தான் கேட்கவில்லை.

அவன் சுவடியில் 53ஆம் ஏட்டுக்கு அப்பால் எல்லாம் பழுதின்றி இருக்கிறது. 55க்குப் பின்னும் 62க்குப் பின்னும் தொடங்கும் வாசிப்புகள் இந்த நொடியிலும் அவன் நரம்பிலும் மூளையிலும் குறைவின்றி நடந்துகொண்டிருக்கின்றன. இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன். சென்ற சித்திரையில் பக்கத்து ஊர்க் கூத்துக்கு நாற்காலியோடு அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். விடியும் வரை விழித்திருந்தான். கட்டியங்காரன் பேசியது அவனுக்கு எவ்வளவு பதிந்ததோ தெரியாது. பாட்டுகளை மறுநாள் பாடிக்கொண்டிருந்தான் என்று அக்கா சொன்னாள்.

இருபதாண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். 2018க்குப் பிறகு என் வகுப்பில் யாரையும் ஒப்பிக்கச் சொல்லி நிறுத்தி வைத்ததில்லை.